அடுத்த பஸ் இருக்குத்தானே

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், நண்டுச் சதை பொதி செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் நான் தரக் கட்டுப்பாட்டு அலுவலராக வேலை செய்கிறேன். அங்கே நண்டு மேசையில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அவித்த நண்டின் ஓட்டை நீக்கி, சதையை உடையாமல் எடுப்பது அவர்களுடைய வேலை.

2. மூன்று பேர் நகரத்துப் பெண்கள். மற்றவர்கள் குடாவின் அந்தப் பக்கத்தவர்கள்: சம்பூரில் இருந்து ஐந்து பேர், இன்னும் தெற்கே ஈச்சிலம்பற்றில் இருந்து மூன்று பேர், இலங்கைத்துறையில் இருந்து ஒருத்தி. கொம்பனி வாடகைக்கு எடுத்த பஸ் காலையில் அவர்களை ஏற்றிவந்து, பின்னேரம் கொண்டுபோய் விடும்.

3. பஸ்காரர் பஸ்ஸை விற்றுவிட்டார். முகாமையாளர் வேறு பஸ் தேடவில்லை. அந்தச் செலவைப் பெண்களுக்கே பிரித்துக் கொடுப்பதாகச் சொன்னார். சாதாரண பஸ்ஸில் வந்துபோனாலும் கையில் கொஞ்சம் மிஞ்சும்.

4. கூட்டம் வைத்துக் கேட்டோம். எல்லாரும் ஓம் என்றார்கள். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

5. சில கிழமைகளில் மேசையில் கதிரைகள் காலியாகத் தொடங்கின. முதலில் பிந்தி வந்தார்கள். பிறகு விட்டுவிட்டு வந்தார்கள். பிறகு வராமலே விட்டார்கள்.

6. முகாமையாளர் காசைக் கூட்டினார். காலிக் கதிரைகளும் கூடின.

7. மாதத்தின் சிறந்த பணியாளருக்குப் பரிசும், சுவரில் படமும் என்று அறிவித்தார். அது வேறு விதமாகப் போனது.

8. எங்களிடம் சதை வாங்குகிறவர்கள், பெட்டிகள் இப்படிக் குறைந்தால் வேறு இடம் பார்ப்போம் என்றார்கள். மேசையில் எட்டுப் பேராவது இல்லாவிட்டால் மாத முடிவோடு நண்டு மேசையை மூடுவதாக முகாமையாளர் என்னிடம் சொன்னார். அன்றைக்கு மேசையில் ஐந்து பேர் இருந்தார்கள்.

எதையும் இப்படி எண் போட்டு எழுதினால் காரணம் தானாகத் தெரிந்துவிடும் என்று நம்புகிறவள் நான். படித்தது உணவுத் தொழில்நுட்பம். ஒரு பெட்டி பழுதானால், அது வந்த வழியில் ஒவ்வொரு படியாகப் பின்னுக்குப் போய்ப் பார்ப்போம். எங்கேயோ ஓரிடத்தில் ஐஸ் குறைந்திருக்கும். இந்த எட்டையும் பின்னுக்கிருந்து முன்னுக்கு எத்தனை தரம் வாசித்தும் ஐஸ் குறைந்த இடம் பிடிபடவில்லை.

முகாமையாளர் கெட்டவர் இல்லை. பஸ்ஸுக்குப் பதிலாகக் காசு என்று அவர் சொன்னதில் கஞ்சத்தனம் இருக்கவில்லை. "ஆடு மாடு மாதிரி ஏத்தி இறக்கிறதை விட, காசைக் கையில குடுத்தால் அவையள் தங்கட விருப்பத்துக்கு வருவினம், போவினம்" என்றுதான் சொன்னார். எனக்கும் அது சரியாகவே பட்டது. அதனால்தான் மேசை காலியானபோது அவருக்குக் கோபத்தை விட மனவருத்தம் கூட இருந்தது.

"பிள்ளை, நீங்கள் அவையளோட கதைக்கிறனீங்கள்தானே" என்றார் என்னைக் கூப்பிட்டு. "என்னதான் வேணுமாம் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. காசு குடுத்தன். கூட்டிக் குடுத்தன். பரிசு குடுத்தன். இனி என்ன, தாலாட்டோ?"

பரிசைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் மாதப் பரிசு அன்ரிக்குக் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவோம். அறுபதை நெருங்கியவர், மாதா கோயிலடி ஒழுங்கையில் இருந்து நடந்தே வேலைக்கு வருபவர். மேசையில் வேகமான கை அவருடையது. கதை மிகக் குறைவு. முகாமையாளர் அவருடைய அடையாள அட்டைப் படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்து, கறுப்புச் சட்டம் போட்டு, கை கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டினார். வெறுமையாக இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கி மிஞ்சிய பொன்னிறத் தோரணம் ஒன்றையும் சட்டத்தைச் சுற்றிப் போட்டார். கீழே ஒரு சிவப்பு மின்குமிழ்.

அடுத்த நாள் காலை முதலில் உள்ளே வந்தவள் இலங்கைத்துறைப் பெண். இருபத்திரண்டு வயது, வாய் சும்மா இருக்காது. படத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்தாள்.

"ஐயோ அன்ரி! எப்ப அடக்கம்?"

பின்னால் வந்த அன்ரி தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னும் பெட்டி வரேல்லை. வந்தவுடன சொல்லுறன், நீ முன்னுக்கு நிண்டு அழு."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கிழமையில் தராசில் ஒன்றைக் கவனித்தேன். வழக்கமாக ஒருவருடைய தட்டுக்கும் மற்றவருடைய தட்டுக்கும் நிறையில் நல்ல வித்தியாசம் இருக்கும். இப்போது எல்லாத் தட்டுகளும் ஒரே மாதிரி வந்தன. வேகமான கைகள் மெதுவாகியிருந்தன. அடுத்த படம் தன்னுடையதாகிவிடக் கூடாது என்பதில் மட்டும் மேசை முழுவதும் ஒற்றுமையாக இருந்தது. சட்டம் போட்டு, விளக்கு வைத்து, சுவரில் மாட்டும் படம் எங்கள் வீடுகளில் யாருடையது என்று முகாமையாளருக்குத் தெரியாமல் இல்லை. நல்லது செய்கிற அவசரத்தில் அது அவருடைய கண்ணில் படவில்லை.

அவர் கேட்கச் சொன்ன பிறகு நான் முதலில் கேட்டது அன்ரியிடம்தான். தேநீர் இடைவேளையில் அவர் எப்போதும் தனியாக இருக்கும் பின்வாசல் மரவாங்கிலில் போய் இருந்தேன்.

"அன்ரி, உங்களுக்கு இந்த வேலையில என்ன விருப்பம்?"

"கேட்டால் செய்வீங்களோ?"

"ஏலுமெண்டால் செய்வன்."

"அப்ப என்ட படத்தைக் கழட்டுங்கோ."

பிறகு அவரே சொன்னார். மகள் கனடாவில். தாய் தனியாக இருக்கிறார் என்று பயந்து வீட்டில் மூன்று கமரா பூட்டியிருக்கிறாள். "கேற்றடியில ஒண்டு, விறாந்தையில ஒண்டு, குசினியில ஒண்டு. தேத்தண்ணிக்கு ரெண்டாம் கரண்டி சீனி போட்டால் போன் அடிக்கும். பாவம், பாசத்திலதான் செய்யிறாள். நான் குறை சொல்லேல்லை. ஆனால் இஞ்ச வந்தால்தான் பிள்ளை, என்னை ஒருத்தரும் பார்க்காத நேரம். நண்டைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். இஞ்சயும் என்னைச் சுவரில கொழுவிப் போட்டியள்."

"அப்ப காசுக்காக இல்லையா?"

"மகள் அனுப்பிறதே பாங்கில கிடக்கு."

இலங்கைத்துறைப் பெண்ணிடம் கேட்டபோது பதில் நேர்மாறாக வந்தது. பஸ் நின்ற பிறகும் ஒருநாள் தவறாமல் வருகிறவள் அவள். சனிக்கிழமைகளில் நகரத்தில் கொரிய மொழி வகுப்புக்குப் போகிறாள். அங்கே வேலைக்குப் போக வேண்டும்.

"எனக்குக் காசுதான் மிஸ். வேற ஒண்டுமில்லை. பஸ் நிண்டது எனக்கு நல்லதாப் போச்சு. அந்த மிச்சத்திலதான் வகுப்புக்குக் கட்டுறன். சும்மா சுத்தி வளைச்சுக் கேட்காமல் முகாமையாளர் சேரிட்டச் சொல்லுங்கோ, இன்னும் கூட்டச் சொல்லி."

"அப்ப மற்றவை ஏன் வரேல்லை?"

கையுறையைக் கழற்றியபடி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அது அவையளைத்தான் கேட்க வேணும். அவையள் கலியாணம் கட்டின ஆக்கள்."

வராமல் விட்டவர்களில் எனக்கு மிகவும் வேண்டியவர் சம்பூர் அக்கா ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அன்ரிக்கு அடுத்த வேகம், அன்ரியை விடச் சுத்தம். அவருடைய தட்டில் ஓட்டுத் துண்டு இருந்து நான் பார்த்ததில்லை. அவருக்குப் பலமுறை போன் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் "நாளைக்குக் கட்டாயம் வாறன் மிஸ்" என்றார். ஒரு தரம் மாடு, ஒரு தரம் மகனுக்குக் காய்ச்சல், ஒரு தரம் மழை. பொய் சொல்கிற குரலாகவும் இல்லை. எனவே ஒருநாள் காலையிலேயே வெளிக்கிட்டு, மூதூரில் பஸ் மாறி, சம்பூருக்குப் போனேன்.

போரில் இடம்பெயர்ந்து, திரும்பிவந்து குடியேறியபோது கட்டிய வீடு, முன்பக்கம் மட்டும் பூசியிருந்தது. அக்கா பின்னல் போட்டு, சேலை கட்டி, சாப்பாட்டுப் பார்சலையும் மேசையில் எடுத்துவைத்திருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டார்.

"மிஸ், இண்டைக்கு உண்மையா வெளிக்கிட்டிட்டன். பார்த்தீங்கள்தானே."

வளவுக்குள் அவருடைய கணவர் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தலையசைத்துவிட்டு, "இஞ்சேர், இந்தப் பைப்பை ஒருக்காப் பிடிச்சிட்டுப் போவன்" என்றார். அக்கா சேலையைச் செருகிக்கொண்டு போய்ப் பிடித்தார். இயந்திரம் பிடிக்கவில்லை. இன்னொரு தரம். பக்கத்து வீட்டில் இருந்து கணவரின் தங்கை, கையில் குழந்தையோடு வந்தார்.

"மச்சாள், இவனை ஒருக்காப் பாருங்கோ, கடைக்குப் போட்டு ஓடி வாறன்."

"நான் வேலைக்கு வெளிக்கிட்டிட்டன் மச்சாள்."

"தெரியும். இந்தா வந்திடுவன்."

குழந்தை கைமாறியது. வீதியில் பஸ் வரும் சத்தம் கேட்டது. நான் எழும்பி நின்றேன். ஒருவரும் அசையவில்லை. பஸ் போய்விட்டது.

"பரவாயில்லை, அடுத்த பஸ் இருக்குத்தானே" என்றார் கணவர். எரிச்சல் இல்லாமல், உண்மையில் ஆறுதலாகத்தான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "கதிரையில இருங்கோ மிஸ். இவ்வளவு தூரம் வந்தனீங்கள், தேத்தண்ணி குடிக்காமல் விடேலாது. ரெண்டு பேருமாச் சேர்ந்து போகலாம்" என்றார்.

நான் இருந்தேன். இருக்காமல் விட ஏலாது. தேநீர் வந்தது, கூடவே வாழைப்பழமும். என்ன படித்தேன், அப்பா என்ன செய்கிறார், தொழிற்சாலை நண்டெல்லாம் எந்த நாட்டுக்குப் போகிறது என்று கதை போனது. நல்ல கதை. நான் கோப்பையைக் கீழே வைத்தபோது அடுத்த பஸ்ஸும் வீதியில் போனது. வேலைக்கு ஏன் வரவில்லை என்று கேட்கப் போன நானே அன்றைக்கு வேலைக்குப் பிந்தினேன்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் வீதிக்கு நடந்தபோதுதான் அக்கா அதைச் சொன்னார்.

"முந்தி பஸ் வாசலுக்கு வந்து ஹோர்ன் அடிக்கும் மிஸ். அடிச்சுதெண்டால் அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒண்டும் கேட்கமாட்டினம். உள்ளுக்குள்ள அவ்வளவு சனம் காத்துக்கொண்டு இருக்குதெல்லே? இவரே கத்துவார், 'ஓடு ஓடு, பஸ் நிக்குது' எண்டு. சாப்பாட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு பின்னால ஓடி வருவார். மச்சாளும் அந்த நேரம் பிள்ளையைக் கொண்டு வரமாட்டா."

"இப்ப?"

"இப்ப என்னை ஆர் கூப்பிடுறது? நானாத்தான் போறன். நானாப் போறதெண்டால், நானா நிக்கவும் ஏலும்தானே. அவையள் அப்பிடித்தான் நினைக்கினம். ஒருத்தரும் போகவேண்டாம் எண்டு சொல்லேல்லை மிஸ். ஒருக்காலும் சொல்லேல்லை."

"கூட்டத்தில இதைச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"என்னெண்டு சொல்லுறது? ஹோர்ன் வேணுமெண்டோ? சிரிப்பீங்கள். அதோட, அந்த நேரம் எனக்கே தெரியாது. காசு நல்லதுதானே எண்டு நானும் கைதட்டினனான்."

பஸ் தரிப்பில் நிற்கும்போது, இந்த வேலையில் அவருக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்.

"நீங்கள் தராசில வைச்சிட்டு நிறையைச் சத்தமாச் சொல்லுவீங்கள் பாருங்கோ, அது. வீட்டில சமைச்சால் சாப்பிட்டு எழும்பிப் போவினம். நான் இவ்வளவு செய்தனான் எண்டு வாயால ஒருத்தர் சொல்லிக் கேட்கிறது அங்க மட்டும்தான். அந்தப் படத்துக்குப் பயந்து கையைப் பிடிச்சு வைச்சனான், அது பெரிய கரைச்சலாக் கிடந்தது மிஸ்."

நிறையைச் சத்தமாகச் சொல்வது பதிவு எழுதுகிறவருக்குக் கேட்பதற்காக. அதைத் தவிர வேறு ஏதாவது அதில் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அன்று பின்னேரமே முகாமையாளரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஹோர்ன் சத்தத்துக்கு நான் பஸ் பிடிக்கிறதோ?"

"பஸ் வேண்டாம் சேர். வீட்டு வாசலில இருந்து மூதூர் வரைக்கும் ஒரு வான் போதும். மூதூரில இருந்து இஞ்ச அடிக்கடி பஸ் இருக்கு. கஷ்டம் வாசலைத் தாண்டிறதிலதான். வானில வாறவைக்குக் காசைக் குறைச்சு அந்தச் செலவைச் சமாளிக்கலாம். காசு வேணுமெண்டிறவைக்குக் காசு."

"ஆளுக்கு ஆள் ஒவ்வொரு மாதிரிச் செய்தால், நாளைக்கு எல்லாரும் ஒவ்வொண்டு கேப்பினம்."

"கேட்டால் நல்லதுதானே சேர். இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேட்காததாலதான் நாங்கள் ஊகிச்சுக்கொண்டு இருந்தனாங்கள்."

அவர் பேனையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் படத்தைப் பற்றியும் சொன்னேன். அதற்குத்தான் முகம் வாடியது.

"நல்லதுக்குத்தானே போட்டனான்."

"ஓம் சேர். அது அவைக்கும் தெரியும். அதாலதான் உங்களிட்டச் சொல்லேல்லை."

அன்று வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு அவரே கதிரையில் ஏறி அதைக் கழற்றினார். மாத முடிவு வரைக்கும் பார்ப்போம், அதற்கு மேல் வாக்குத் தர ஏலாது என்றார்.

வான் மூதூரில் ஒரு முஸ்லிம் பெரியவருடையது. நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவருக்கு நான்தான் விளங்கப்படுத்தினேன்.

"ஹோர்ன் அடிச்சுத்தான் ஆக்கள எடுக்கணுமா புள்ள? போன்ல ஒரு மிஸ்கோல் குடுத்தாப் போதாதா?"

"போதாது நானா. வாசலில நிப்பாட்டி, நல்லா அடிக்க வேணும்."

"ஊரே எழும்பிருமே?"

"ஊர் எழும்பத்தான் வேணும்."

"என்ட ஊட்டுலயும் ஒரு மருமகள் வேலைக்குப் போறா" என்றார். பிறகு எந்தெந்த வாசல் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

முதல் நாள் நான் வாசலில் நிற்கவில்லை. நின்றால் எதிர்பார்ப்பது தெரிந்துவிடும். உள்ளே தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்று சம்பூர்ப் பெண்கள் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் இடையில் விடாமல் வந்துகொண்டிருந்தவர். மற்ற இருவரில் ஒருவர் அக்கா. வரும்போதே கதை.

"இவர் பைப்பைக் கீழ போட்டிட்டார் மிஸ்! 'வான் நிக்குது, வான் நிக்குது' எண்டு அவருக்குத்தான் பதட்டம். செருப்பைக்கூட ஒழுங்காப் போட விடேல்லை."

"வந்திட்டுது சத்தம்" என்றார் அன்ரி, நண்டில் இருந்து கண்ணை எடுக்காமல். ஆனால் பக்கத்துக் கதிரையில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஈச்சிலம்பற்றுப் பெண்களுக்கும் சொல்லி அனுப்பினேன். அவ்வளவு தூரம் வான் போகாது. சம்பூர்ச் சந்தி வரைக்கும் அவர்களாக வர வேண்டும். ஒருவர் ஒருநாள் வந்தார். சந்திக்கு வருவதற்கும் வீட்டில் இருந்து தானாகத்தானே வெளிக்கிட வேண்டும். அடுத்த நாள் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாதத்தின் கடைசி வேலைநாளில் முகாமையாளர் வாசலில் நின்று மேசையைப் பார்த்தார். ஒவ்வொரு தலையாக எண்ணுகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் நிமிரவில்லை. இலங்கைத்துறைப் பெண் மட்டும் மெதுவாக, "சேர், என்னை ரெண்டாப் போடுங்கோ, நான் ரெண்டு பேரின்ட கதை கதைக்கிறனான்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஏழு பேர்தான். அவர் சொன்னது எட்டு.

குளிர் அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். அந்தக் கிழமை அனுப்ப வேண்டிய பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றையும் எண்ணினார். குறையவில்லை. படம் கழன்ற பிறகு கைகள் பழைய வேகத்துக்கு வந்திருந்தன. அக்காவுடைய தட்டு அன்றைக்கு அன்ரியுடையதை முந்தியிருந்தது. நான் நிறையைச் சொன்னபோது அன்ரி நிமிர்ந்து, "ஓ, ஆர் கேட்டது?" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"வாங்கிறவைக்குப் பெட்டிதானே வேணும், கதிரை இல்லையே" என்றார் முகாமையாளர், குளிர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. என்னிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியவில்லை.

இப்போதைய நிலைமை இது. மேசையில் ஏழு பேர் இருக்கிறார்கள். வான் சம்பூருக்கும் மூதூருக்கும் இடையில் மட்டும் ஓடுகிறது. ஈச்சிலம்பற்றுப் பெண்கள் மூன்று பேரும், சம்பூரில் இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. இலங்கைத்துறைப் பெண் வானைக் கேட்கவில்லை, காசை எடுத்துக்கொள்கிறாள். கொரிய மொழிச் சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். அவள் போனால் ஆறு பேர். நண்டுக் காலம் முடியும் வரை மேசை நடக்கும் என்று முகாமையாளர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நடக்குமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.